பதினாலாம் நம்பர் நாற்காலி

அலுவலகத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவளுக்குத் தெரியாது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கோ பெயர் வைத்தவன் யார் என்பது வரை தெரியும். போன் வந்தால் நடந்துகொண்டே பேசுவாள், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவாள். இப்படிப்பட்டவளுக்குத் தொழில் என்னவென்றால், கட்டடங்களுக்குள்ளே மற்றவர்கள் எங்கே உட்கார வேண்டும், எப்படி உட்கார வேண்டும் என்று வரைந்து கொடுப்பது.

அவள் கணவர் பல் டாக்டர். "என் நாற்காலில ஒருத்தரும் ஆசைப்பட்டு வந்து உக்கார்றதில்ல. ஆனா உக்காந்தவங்க நடுவுல எந்திரிச்சும் போறதில்ல. நீ அப்படி ஒண்ணு பண்ணிக் காட்டு பாப்போம்" என்று சீண்டுவார்.

அப்படி ஒன்றை, கடைசியில், பண்ணிக் காட்டிவிட்டதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நகரத்தின் நடுவில் இருந்த பல்கலைக்கழகத்தில் பழைய நூலகம் ஒன்று காற்று வாங்கிக்கொண்டு கிடந்தது. மாணவர்கள் உள்ளே வருவதில்லை. வந்தாலும் கழிப்பறைக்குத்தான் வந்தார்கள். அதைத் தலைகீழாக மாற்றி, பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து படிக்கிற நவீனமான இடமாக ஆக்குவது என்று நிர்வாகம் முடிவெடுத்தது. தரைத்தளத்துக்கு மேலே மூன்று மாடி. யாருக்குத்தான் ஆசை வராது. பம்பரமும் அவள் கூட்டாளியும் இரண்டு வருஷம் நடையாய் நடந்தார்கள். பதிவாளர் லேசில் மசிகிற ஆளில்லை. "தரைத்தளத்துல ஒரு கூடம் மட்டும் பண்ணுங்க. ஒரு மாசம் ஓட்டிப் பாக்கலாம். நூத்துக்கு எழுபது நாற்காலி நிறைஞ்சிருந்தா மூணு மாடியும் உங்களுக்கு. இல்லன்னா கைகுலுக்கிப் பிரிஞ்சிடலாம்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். பிரிந்தால் இருவரும் பழையபடி துணிக்கடைகளுக்கு அலமாரி வரையப் போக வேண்டியதுதான்.

கூடம் தயாரானது. நாற்பது நாற்காலி. சக்கரம் வைத்த மேசைகள், எழுதி அழிக்கலாம் என்று வெள்ளைச் சுவர்கள், ஆளுக்கு ஒரு பிளக், சத்தத்தை விழுங்குகிற கூரை. எல்லாவற்றுக்கும் மேல், எங்கிருந்து பார்த்தாலும் எல்லோரும் தெரிவார்கள். மறைவு என்று ஒரு மூலை கிடையாது. பதிவாளருக்கு மற்றதெல்லாம் புரிந்ததோ இல்லையோ, இது மட்டும் ரொம்பப் பிடித்துப்போனது. எண்ணிக்கை வேண்டும் என்று அவர் கேட்டதால் ஒவ்வொரு நாற்காலிக்கு அடியிலும் எடையை உணர்கிற சென்சார் ஒன்றைப் பொருத்தினார்கள். செல்போனில் பார்த்தால் கூடத்தின் வரைபடமும் அதில் நாற்பது புள்ளிகளும் தெரியும். ஆள் உட்கார்ந்தால் பச்சை, எழுந்தால் சாம்பல்.

முதல் வாரம் பச்சை தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பம்பரத்துக்குத் தூக்கம் போனது. கூட்டாளியிடம் போனில் புலம்பித் தீர்த்தாள், சமையலறைக்கும் பால்கனிக்கும் நடந்தபடி. இரண்டாவது வாரம் என்ன மாயமோ, புள்ளிகள் பூக்க ஆரம்பித்தன. மூன்றாவது வாரம் எண்பதைத் தொட்டது. "பழகிட்டாங்க. புது இடம்னா பழக நாள் ஆகும்ல" என்றான் கூட்டாளி. அவளும் அதையே எல்லோரிடமும் சொன்னாள்.

எல்லாப் புள்ளியும் அவளுக்கு ஒன்றல்ல. பதினான்காவது புள்ளி அவள் மகளுடையது.

மகளுக்கு வீட்டில் நண்டு என்று பெயர். அதே பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம். முதல் வருஷம் இரண்டு பாடத்தில் கோட்டை விட்டாள். படிப்பையே விட்டுவிடுகிறேன் என்று ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சாதாரணமாகச் சொன்னாள். அம்மா அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு இருவருக்கும் நடுவில் "சாப்பிட்டியா", "சாவி எங்கே" என்ற அளவில்தான் பேச்சு ஓடியது. கூடம் திறந்த இரண்டாவது வாரத்தில் அவளாகவே வந்து, "இனிமே உன் ஹால்லதான்மா படிக்கப் போறேன். பதினாலாம் நம்பர், ஜன்னல் பக்கம்" என்றாள். பம்பரத்துக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து காலை ஒன்பதுக்குப் பதினாலு பச்சையாகும், சாயங்காலம் ஐந்து வரை பச்சையாகவே இருக்கும். சிக்னலில் நிற்கும்போது பார்ப்பாள். வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்து பேசும்போது மேசைக்கு அடியில் பார்ப்பாள். பிள்ளை படிக்கிறாள், பிள்ளை படிக்கிறாள் என்று மனசு தாளம் போடும். சாப்பிடக்கூட எழுந்து போவதில்லையே என்று ஒரு கவலையும் வரும். அந்தக் கவலைதான் வர வேண்டிய சந்தேகம் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

பல்கலைக்கழகக் குழு கூடி முடிவெடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள். மறந்து வைத்துவிட்ட எதையோ எடுக்க வீட்டுக்கு வந்தவள், முகம் கழுவப் போனபோது வாஷ்பேசின் ஓரத்தில் மகளின் மூக்குக் கண்ணாடியைப் பார்த்தாள். அது இல்லாமல் நண்டுக்குப் புத்தகமும் தெரியாது, புத்தகத்தை வைத்திருக்கிற கையும் தெரியாது. போனை எடுத்துப் பார்த்தாள். பதினாலு பச்சையாக இருந்தது. மூன்று மணி நேரமாகக் கண் தெரியாமல் இவள் என்னத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள்?

கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மத்தியான நேரம். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் வரைந்த நாற்காலிகளில், அவள் தேர்ந்தெடுத்த வெளிச்சத்தில், முப்பத்துச் சொச்சம் பைகள் உட்கார்ந்திருந்தன. நீலப் பை, கறுப்புப் பை, காது கிழிந்த பை. சில பைகளிலிருந்து வயர் நீண்டு பிளக்கில் செருகியிருந்தது. சத்தமே இல்லை. ஓரமாக ஒரே ஒரு பையன் மட்டும், காதில் எதையோ மாட்டிக்கொண்டு மேசையில் கவிழ்ந்து தூங்கினான். கூரை அவன் குறட்டையை நன்றாகவே விழுங்கியது.

பதினாலாம் நம்பரில் மகளின் சிவப்புப் பை. வாரைப் பிடித்துத் தூக்கினாள், தூக்க முடியவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே கணவரின் தம்புள்ஸ் இரண்டும் கிடந்தன. தொப்பையைக் குறைக்கிறேன் என்று சபதம் போட்டு வாங்கியவர் வாங்கிய நாளோடு தொடாத இரும்பு. மகள் தினமும் சுமந்துகொண்டு வந்திருக்கிறாள். பம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டு பையை மேலே தூக்கினாள். போனில் பதினாலு சாம்பலானது. கீழே வைத்தாள். பச்சை. மறுபடி தூக்கினாள். சாம்பல்.

இத்தனை நாளாக அவள் கண்ணில் ஒற்றிக்கொண்ட பச்சை, ரெண்டு இரும்புத் துண்டு. ஜிப்பை இழுத்து மூடினாள். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. தூங்கினவனை உலுக்கி எழுப்பினாள்.

"இந்தப் பையோட பொண்ணு எங்க?"

அவன் கண்ணைக் கசக்கினான். "படில இருப்பா ஆன்ட்டி."

"எந்தப் படி?"

"பின்பக்கம். எல்லாரும் அங்கதான் இருப்பாங்க."

"அப்ப நீ ஏன் இங்க இருக்கே?"

"தூங்கறதுக்கு இதுதான் நல்ல இடம்" என்றான் அவன், பாராட்டாகவே.

பின்பக்கப் படிக்கட்டை அவளுக்குத் தெரியும். தெரியும் என்றால், வரைபடத்தில் தெரியும். அகலமான பழைய படிகள், திருப்பத்துக்குத் திருப்பம் வீணாகக் கிடக்கிற மேடை. அதை இடித்துவிட்டு லிஃப்ட் வைப்பதாக அவளே கோடு போட்டிருந்தாள். இரண்டாவது திருப்பத்துக்கு ஏறுவதற்குள் சத்தம் கேட்டது. படிக்கு இரண்டு பேராக, முதுகைச் சுவரில் சாய்த்து, காலை அடுத்த படியில் நீட்டி, மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக மேலே வரை உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி எதிரே இருக்கிறவனை அதட்டினாள். ஒருவன் கணக்கைச் சுவரிலேயே பென்சிலால் போட்டுக் காட்டினான். மேடையில், சரியாக மூலையில், நண்டு. பக்கத்தில் இருந்த தோழி புத்தகத்திலிருந்து வரி வரியாக வாசிக்க, கண்ணாடி இல்லாத நண்டு கண்ணை இடுக்கிக்கொண்டு, "நிறுத்து, அதை அப்படிப் புரிஞ்சுக்காதே" என்று விளக்கிக்கொண்டிருந்தாள். போன வருஷம் அவள் கோட்டை விட்ட அதே பாடம்.

அம்மாவின் உருவம் மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் அந்த நடையை உலகத்தில் வேறு யாரும் நடக்க முடியாது. நண்டு எழுந்து நின்றாள்.

பம்பரம் கண்ணாடியை நீட்டினாள். "தம்புள்ஸ நல்லாப் படிக்க வச்சிருக்கே."

நண்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்து நாலு படி கீழே இறக்கிக்கொண்டு போனாள். "கத்தாதே. எல்லாரும் பாக்கறாங்க."

"என்னை ஏமாத்திருக்கேடி."

"உன்னை இல்லம்மா. நாற்காலியை."

"அந்த நாற்காலியும் நானும் வேற வேறயா?"

நண்டு குரலைத் தாழ்த்தினாள். "நீ போன்ல சொல்லிட்டிருந்தே. எழுபதுக்குக் கீழ போச்சுன்னா எல்லாம் போச்சுன்னு. பால்கனில நின்னு அழுதே. நான் தூங்கறேன்னு நெனச்சிட்டு. அதான் எங்க கிளாஸ்ல சொன்னேன், எங்கம்மா பண்ணின ஹால்டா, ஆளுக்கொரு பையை வச்சிட்டு வாங்கடான்னு. முதல்ல எங்க கிளாஸ். அப்புறம் பக்கத்து கிளாஸ். உன்னை யாருக்கும் தெரியாது. இருந்தும் வச்சாங்க. பை லேசா இருந்தா பச்சை வராது, கனமா வைக்கணும்னு நான்தான் கண்டுபிடிச்சேன்."

அம்மாவுக்குத் திட்டவும் வாய் வரவில்லை, கட்டிக்கொள்ளவும் கை வரவில்லை. "ஏன் உக்கார மாட்டேங்கறீங்க அங்க? என்ன குறை அந்த இடத்துல?" என்றாள். குரல் அவளை மீறிச் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி வந்தது.

"தெரியலம்மா. நல்லாத்தான் இருக்கு. உக்காந்தா எந்திரிக்கணும் போல இருக்கு, அவ்வளவுதான்." பிறகு சமாதானமாக, "நாளைக்கு ஒரு நாள்தானே. நாப்பது பையும் வைக்கச் சொல்றேன். நீ கவலைப்படாதே" என்றாள்.

சாயங்காலம் வீட்டில் பம்பரம் சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். போனில் கூட்டாளி. விஷயத்தைக் கேட்டதும் அவன் வெண்ணெயாகப் பேசினான். "பை இருந்தா ஆளும் பக்கத்துலதானே இருக்கான்? அவர் நாற்காலி நிறைஞ்சிருக்கான்னுதானே கேட்டார்? நிறைஞ்சிருக்கு. எதால நிறைஞ்சிருக்குன்னு கேக்கலையே. நாம பொய் ஒண்ணும் சொல்லல. மாடிக்குப் போறப்ப எல்லாத்தையும் சரி பண்ணிக்கலாம்."

"எதைச் சரி பண்றது? என்ன தப்புன்னே எனக்குத் தெரியலையே."

"அதான் சொல்றேன், தெரியாதது தெரியாததாவே இருக்கட்டும்."

அதில் நியாயம் இருப்பது போலத்தான் இருந்தது. அதுதான் அவளைப் பிய்த்துத் தின்றது. மூன்று மாடி, நூற்றுக்கணக்கில் நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பை, படிக்கட்டு இருந்த இடத்தில் லிஃப்ட். அப்போது அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? தரையைப் பார்த்தபடி சுற்றியவளைக் கணவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். "உக்காரேன் கொஞ்சம். எனக்குத் தலை சுத்துது." அவள் உட்காரவில்லை.

காலையில் நண்டு பையைத் தோளில் மாட்டும்போது தம்புள்ஸ் டணங்கென்று இடித்துக்கொண்டது.

"எடுத்துப் போடு அதை" என்றாள் அம்மா. "இன்னிக்கு யாரும் பை வைக்க வேண்டாம். உன் கிளாஸ்ல சொல்லிடு. பக்கத்து கிளாஸ்லயும்."

"நெஜமாவா? இன்னிக்குத்தானே மீட்டிங்?"

"நெஜமாத்தான்."

"மூணு மாடியும் போயிடும்மா."

"தெரியும். போ, லேட் ஆகுது."

நண்டு வாசலில் நின்று அம்மாவையே பார்த்தாள். பிறகு தம்புள்ஸை எடுத்து அப்பாவின் செருப்புப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

குழு அறையில் நீளமான மேசை. பதிவாளர், அவருக்கு இரண்டு பக்கமும் தலையாட்டுவதற்கென்றே வந்த நாலு பேராசிரியர்கள், சுவரில் பெரிய திரை. கூட்டாளி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். அவனிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் ஒன்று அவன் தடுத்துவிடுவான், இல்லையென்றால் இவளுக்குத் தைரியம் போய்விடும்.

"எண்பத்திரெண்டு" என்று பதிவாளர் வாயெல்லாம் பல்லாக ஆரம்பித்தார். "நானே எதிர்பாக்கல. வாங்க, நேரடியாவே பாத்துடலாம்." அவரே பொத்தானை அழுத்தினார்.

திரை முழுக்கச் சாம்பல். முப்பத்தொன்பது சாம்பல் புள்ளிகள். ஜன்னல் பக்கம் ஒன்றே ஒன்று பச்சை.

பதினாலு.

இந்தப் பெண் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டாள் என்று பம்பரம் மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டாள். தம்புள்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் என்ன, வேறு எதையாவது திணித்திருப்பாள்.

"என்னாச்சு, மெஷின் கெட்டுப்போச்சா?" என்றார் பதிவாளர்.

கூட்டாளி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "ஆமா சார், நெட்வொர்க்ல சின்ன..."

"கெட்டுப்போகல சார்" என்றாள் அவள். "இன்னிக்குத்தான் ஒழுங்கா வேலை செய்யுது."

எழுந்து நின்று சொன்னாள். பைகளைச் சொன்னாள், படிக்கட்டைச் சொன்னாள், அதை இடிக்கச் சொல்லித் தானே கோடு போட்டதைச் சொன்னாள். பைகளை வைக்கச் சொன்னது தன் மகள்தான் என்பதையும் சொன்னாள், அதைச் சொல்லும்போது மட்டும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கூட்டாளி புதுச் சட்டையின் பொத்தானையே திருகிக்கொண்டிருந்தான். பேராசிரியர்களில் ஒருவர், "எங்க காலத்துலயும் அந்தப் படிதான்" என்று முணுமுணுத்தார். பதிவாளர் பார்த்த பார்வையில் அடங்கிப்போனார்.

"அப்ப இந்த ஒண்ணு?" பதிவாளர் திரையைக் காட்டினார்.

"அதுவும் பையாத்தான் சார் இருக்கும்."

பதிவாளர் கோப்பை மூடினார். மெதுவாக, மரியாதையாகவே மூடினார். "யோசிச்சுச் சொல்றோம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

வெளியே வந்ததும் கூட்டாளி அவளைப் பார்க்காமல் நேரே வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனான். அவள் படிகளில் தடதடவென்று இறங்கிக் கூடத்துக்குப் போனாள். பையைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் மறுவேலை என்று கதவைத் தள்ளினாள்.

பை இல்லை. நண்டுதான் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு பெரிய கூடத்தில் அவள் ஒருத்தி மட்டும், மேசையில் கையை ஊன்றி, கண்ணாடியை மூக்கு நுனியில் விட்டுக்கொண்டு. தூங்குகிற பையன்கூட இன்றைக்கு வரவில்லை.

"என்னடி பண்றே இங்க?"

"எல்லாப் பையையும் எடுக்கச் சொல்லிட்டேன். அப்புறம் ஒரு மாதிரி இருந்துச்சு." நண்டு தோளைச் சுழற்றிக்கொண்டாள். "மொத்தமா சாம்பலா இருந்தா உனக்கு எப்படி இருக்கும்? ஒரு ஆளாவது இருக்கட்டும்னு உக்காந்தேன். காலைலருந்து எந்திரிக்கல. முதுகு போச்சு."

பம்பரத்துக்கு அங்கே மேலே நின்று இதைப் பை என்று சொன்னேனே என்று நினைத்தபோது கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை; மகள் பார்த்தால் பார்க்கட்டும்.

"என்ன சொன்னாங்க?"

"யோசிச்சுச் சொல்றாங்களாம்."

"ஐயோ" என்றாள் நண்டு. அவளுக்கும் அந்த அர்த்தம் தெரிந்திருந்தது.

அம்மா ஜன்னலுக்கும் மேசைக்கும் நடக்க ஆரம்பித்தாள். கூட்டாளியைச் சமாதானப்படுத்த வேண்டும், அலுவலகத்தில் சொல்ல வேண்டும், துணிக்கடைக்காரருக்கு போன் பண்ண வேண்டும். நண்டு பக்கத்து நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டாள்.

"உக்காரு."

"எனக்கு வேலை இருக்கு."

"தெரியும். உக்காரு. இதுல எத்தனை தடவை உக்காந்து பாத்திருக்கே நீ?"

"வாங்கறப்ப பாத்தேனே. எல்லா நாற்காலிலயும் உக்காந்து பாத்துத்தான் வாங்கினேன்."

"எவ்வளவு நேரம்?"

கடையில் விற்பனைக்காரன் நாற்காலியின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அம்மா எழுந்திருப்பாள். பதினைந்தாம் நம்பரில் உட்கார்ந்தாள். மகள் ஒரு புத்தகத்தை அவள் மடியில் வைத்து, "படி. சும்மா படி. நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது" என்றாள். போன் அதிர்ந்தது. நண்டு அதை வாங்கித் தன் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

முதல் வரியைப் படித்தாள். இரண்டாவது வரிக்குப் போகும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ கூடத்தைக் கடந்து போனார்கள். பம்பரம் திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணு" என்றாள் நண்டு, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுபடி படித்தாள். பின்னால் கதவு திறந்து மூடியது. திரும்பினாள்.

"ரெண்டு."

பம்பரம் மகளைப் பார்த்தாள். பிறகு தன் கூடத்தைப் பார்த்தாள், நாற்காலி நாற்காலியாக. நாற்பதில் ஒன்றின் முதுகுக்குப் பின்னாலும் சுவர் இல்லை. எழுந்து ஒரு பென்சிலைத் தேடி எடுக்க வேண்டும் போல உடம்பெல்லாம் பரபரத்தது.

"எந்திரிக்காதேம்மா" என்றாள் நண்டு. "இன்னும் முதுகு வலிக்கவே ஆரம்பிக்கல உனக்கு."

அவள் உட்கார்ந்திருந்தாள்.